லைட்டரா, பிரைட்டரா: பையருக்கு எழுதும் இங்கிலீஷில் சரியான சொல்லைப் பிடிக்கும் வழி

திருப்பூர் பனியன் ஏற்றுமதியில், வெளிநாட்டில் வாங்குகிற பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களில் தாராபுரம், காங்கேயம், பல்லடம், கோபி பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். வந்ததும் இலக்கணத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நானும் தமிழ் மீடியம்தான். பல வருசமாக இந்த வேலையில் இருக்கிறேன், இலக்கணத் தப்பால் ஷிப்மெண்ட் நின்று பார்த்ததில்லை. 'ஹேஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஹேவ்' வந்தால் பையர் புரிந்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆனால் இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு சொல்லுக்குப் பதில் அதன் பக்கத்துச் சொல்லைப் போட்டால் சாயம் மாறும், தேதி மாறும், செலவு யார் தலையில் என்பதும் மாறும்.

பக்கத்துப் பக்கத்துச் சொற்களில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது ஒரு கேள்விதான். இந்தச் சொல்லைப் படித்தவர் எழுந்து போய் என்ன வேலை செய்வார்? இரண்டு சொல்லுக்கும் ஒரே வேலைதான் நடக்கும் என்றால் எதை வேண்டுமானாலும் போடுங்கள், நேரத்தை வீணாக்க வேண்டாம். வேலை வேறுபடுகிறது என்றால் அங்கே நின்று யோசியுங்கள்.

லேப் டிப்பை எடுத்துக்கொள்வோம். பையர் கேட்ட கலரை டையிங்கில் சின்னத் துணித் துண்டுகளில் ஏற்றி, ஏ, பி, சி என்று அட்டையில் ஒட்டி அனுப்புவோம். அவர் அதை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு கமெண்ட் எழுதுவார். ஒரு கோரல் கலருக்கு இப்படிக் கமெண்ட் வந்தது: பி கிட்டத்தில் இருக்கிறது, டெப்த் (கலரின் அடர்த்தி) ஓகே, கொஞ்சம் டல்லாக இருக்கிறது, பிரைட்டராக வேண்டும். எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி அதைச் சுருக்கி டையிங்குக்கு அனுப்பும்போது, டெப்த் ஓகே என்பதை அப்படியே வைத்து, 'பிரைட்டர்' இருந்த இடத்தில் 'லைட்டர்' என்று போட்டுவிட்டாள். டையிங் மாஸ்டர் நல்ல அனுபவஸ்தர். உடனே போன் போட்டார்.

"ஏனுங் மேடம், டெப்த் ஓகேன்னும் போட்டிருக்குது, லைட்டர்னும் போட்டிருக்குது. சாயத்தைக் கொறைக்கறதுங்களா, இல்ல நீலத்தை மட்டும் எடுக்கறதுங்களா?"

அந்தக் கேள்வியைத்தான் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லுகிறேன். லைட்டர் என்றால் ரெசிபியில் சாயத்தின் சதவீதம் மொத்தமாகக் குறையும், கலர் வெளுக்கும். பிரைட்டர் என்றால் சாயம் அதே அளவுதான், கலரை மங்கடிக்கிற மூன்றாவது சாயம் மட்டும் குறையும். கோரல் மாதிரி சிவப்பும் மஞ்சளும் கலந்த கலரில் துளி நீலம் சேர்ந்தாலும் மங்கிவிடும், அதை எடுத்தால் பளிச்சென்று வரும். அவர் கேட்காமல் இருந்திருந்தால் வெளுத்துப்போன கோரல் வந்திருக்கும், இன்னொரு ரவுண்டு லேப் டிப் போயிருக்கும்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களேக்கா, நாம பளிச்சுனு இருக்கற வெளிர் கலரைத்தான லைட் கலருங்கறோம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த மாதிரிக் குழப்பத்துக்கு நல்ல மருந்து, இரண்டு சொல்லுக்கும் எதிர்ச்சொல்லைத் தேடுவது. லைட்டருக்கு எதிர் டார்க்கர். பிரைட்டருக்கு எதிர் டல்லர். எதிர்ச்சொல் வேறாகிவிட்டால் இரண்டும் வேறு வேறு அளவுகோல் என்று தெரிந்துவிடும். ஒரு கலர் டார்க்காகவும் பிரைட்டாகவும் இருக்கலாம், நல்ல ராயல் ப்ளூவைப் பாருங்கள். லைட்டாகவும் டல்லாகவும் இருக்கலாம், வெளிர் சாம்பல் அப்படித்தான்.

இதே சோதனையை 'சாஃப்ட்', 'ஸ்மூத்' இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள். சாஃப்டுக்கு எதிர் ஹார்ஷ், ஸ்மூத்துக்கு எதிர் ரஃப். பிரஷ் பண்ணிய ஃப்ளீஸ் உள்பக்கம் மெத்தென்று சாஃப்டாக இருக்கும், வழவழப்பு இருக்காது. பையர் சாஃப்டர் என்று கேட்டால் ஃபினிஷிங்கில் சிலிக்கான் சாஃப்ட்னரைக் கூட்டுவார்கள். ஸ்மூதர் என்று கேட்டால் என்சைம் போட்டு பயோ வாஷ் செய்து துணி மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நாரை எடுப்பார்கள். சாமான் வேறு, செலவு வேறு, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம்மில் கூட வித்தியாசம் வரும். துணியைத் தடவிப் பார்த்துவிட்டு 'ஹேண்ட் ஃபீல் நாட் குட்' என்று மட்டும் பையர் எழுதினால், எது குறை என்று இந்த இரண்டு சொல்லையும் போட்டு அவரிடமே கேளுங்கள்.

தையலிலும் அப்படித்தான். 'ப்ரோக்கன் ஸ்டிட்ச்' என்று ரிப்போர்ட்டில் இருந்தால் மெக்கானிக் நூல் டென்ஷனைப் பார்ப்பார். 'ஸ்கிப் ஸ்டிட்ச்' என்றால் ஊசியையும் லூப்பர் டைமிங்கையும் பார்ப்பார். 'ஓப்பன் சீம்' என்றால் டெய்லர் துணியைச் சரியாக விட்டாரா என்று லைன் சூப்பர்வைசர் போய் நிற்பார். மூன்றையும் 'தையல் பிரிஞ்சிருக்கு' என்று ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்லிவிடலாம் என்பதால்தான் மூன்றும் கலந்துபோகிறது.

அடுத்தது பணம் சம்பந்தப்பட்டது, நிதானமாகப் படியுங்கள். திருப்பூரில் ஓட்டை விழுந்தாலும், ஆயில் கறை இருந்தாலும், கோணலாகத் தைத்திருந்தாலும் எல்லாமே 'டேமேஜ்'தான். காதர்பேட்டையில் வியாபாரம் பேசும்போது அது போதும். பையருக்கு எழுதும்போது போதாது. 'டிஃபெக்ட்' என்றால் செய்யும்போதே வந்த குறை. 'டேமேஜ்' என்றால் நன்றாக இருந்த பொருளுக்குப் பின்னால் வந்த சேதம். எஃப்ஓபி என்ற விற்பனை முறையில் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு நம்முடையது, ஏறிய பிறகு பையருடையது. தூத்துக்குடியில் நல்லபடியாக ஏறிய பெட்டி கடலில் நனைந்து போயிருந்தால் அது டேமேஜ், பையர் தன் இன்சூரன்ஸைப் பார்க்க வேண்டும். நிட்டிங்கில் ஊசிக் கோடு விழுந்த துணியைக் கவனிக்காமல் வெட்டித் தைத்து அனுப்பியிருந்தால் அது டிஃபெக்ட், கிளெய்ம் நம் தலையில். ஆகவே பையர் புகார் போட்டோ அனுப்பினால், பதில் எழுதுவதற்கு முன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து இது எப்போது நடந்திருக்கும் என்று முடிவு செய்யுங்கள். சொல்லை அப்புறம் எழுதலாம்.

'ஃபால்ட்' என்ற சொல் இன்னும் ஆபத்தானது. 'தேர் இஸ் எ ஃபால்ட் இன் த ஃபேப்ரிக்' என்றால் துணியில் குறை இருக்கிறது, அவ்வளவுதான். 'இட் இஸ் அவர் ஃபால்ட்' என்றால் தப்பு எங்கள் மேல் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாயிற்று. விசாரித்து முடிப்பதற்கு முன் அந்த வரி போகக் கூடாது. தப்பு நம்முடையது என்று உறுதியானால் தாராளமாக எழுதுங்கள், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

இன்ஸ்பெக்ஷனுக்கும் இது பொருந்தும். 5,000 பீஸ் லாட் என்றால் வழக்கமான சோதனை அளவான லெவல் டூவில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் 2.5 என்றால் மேஜர் டிஃபெக்ட், அதாவது பெரிய குறை, 10 வரை பாஸ், 11 ஆனால் ஃபெயில். அந்த ஒரு பீஸில் இருக்கும் குறையை 'ஸ்பாட்' என்று எழுதுகிறார்களா 'ஸ்டெயின்' என்று எழுதுகிறார்களா என்பதிலேயே லாட் தப்பிக்கலாம், மாட்டலாம். ஸ்பாட் என்பது சின்னப் புள்ளி, அதன் அளவையும் அது விழுந்த இடத்தையும் பொறுத்து மைனரில் போகலாம். ஸ்டெயின் என்றால் துணியில் ஊறிப்போன கறை, போகாது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பக்கத்தில் நின்று பாருங்கள். துடைத்தால் போகிற அழுக்காக இருந்தால் துடைத்துக் காட்டிவிட்டு, ரிப்போர்ட்டில் 'ரிமூவபிள்' என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

பட்டன், ஜிப், லேபிள் மாற்றும்போது வரும் 'ரீப்ளேஸ்', 'சப்ஸ்டிட்யூட்' இரண்டையும் நான் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருகிறேன், ஏனென்றால் இங்கே வாக்கியத்தில் சொற்கள் நிற்கிற வரிசையே திரும்பிக்கொள்கிறது. 'ரீப்ளேஸ் மெட்டல் பட்டன் வித் பிளாஸ்டிக் பட்டன்' என்றால் மெட்டல் வெளியே, பிளாஸ்டிக் உள்ளே. 'சப்ஸ்டிட்யூட் மெட்டல் பட்டன் ஃபார் பிளாஸ்டிக் பட்டன்' என்றால் மெட்டல் உள்ளே, பிளாஸ்டிக் வெளியே. இரண்டிலும் மெட்டல்தான் முதலில் நிற்கிறது, நடப்பது நேர் எதிர். போதாக்குறைக்கு இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே சப்ஸ்டிட்யூட்டை ரீப்ளேஸ் மாதிரி மாற்றிப் போட்டு எழுதுவதுண்டு. அதனால் எங்கள் ஆபீசில் சப்ஸ்டிட்யூட் எழுதுவதில்லை. 'ரிமூவ் மெட்டல் பட்டன். யூஸ் பிளாஸ்டிக் பட்டன்' என்று இரண்டு சின்ன வாக்கியம். பையர் சப்ஸ்டிட்யூட் என்று எழுதியிருந்தால், இதே இரண்டு வாக்கியத்தை எழுதி 'ப்ளீஸ் கன்ஃபர்ம்' என்று திருப்பிக் கேட்போம். குழந்தைகள் உடுப்பில் பட்டன் என்ன என்பது பாதுகாப்பு விசயம், ஊகத்துக்கு இடமே கிடையாது.

தேதிக்கு வருவோம். 'ஷிப்மெண்ட் இஸ் டிலேய்ட்' என்றால் வேண்டாமலே தள்ளிப்போயிருக்கிறது, காரணம் மழையாகவும் இருக்கலாம், டையிங்காகவும் இருக்கலாம். 'வீ ஹேவ் போஸ்ட்போன்ட் த ஷிப்மெண்ட்' என்றால் நாமே உட்கார்ந்து முடிவெடுத்து வேறு தேதிக்குத் தள்ளிவிட்டோம். பையரைக் கேட்காமலா என்ற கேள்வி அடுத்த மெயிலிலேயே வரும், சில சமயம் விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்றும் வரும். தள்ளிவைக்க அனுமதி கேட்கிறீர்கள் என்றால் 15ஆம் தேதியிலிருந்து 22ஆம் தேதிக்கு மாற்றலாமா என்று தேதி போட்டே கேளுங்கள். 'ப்ரீபோன்' இந்தியாவுக்குள் செல்லுபடியாகும், வெளியே பலருக்குப் புரியாது. 'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதுங்கள்.

'பை', 'அன்டில்' இரண்டிலும் தடுமாறுகிறவர்களுக்குத் தமிழே கைகொடுக்கும். 15ஆம் தேதிக்குள் என்றால் பை. 15ஆம் தேதி வரைக்கும் என்றால் அன்டில். மனசுக்குள் தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் தப்பாது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. 'அதே மாதிரி' என்று நாம் சொல்வதில் 'சேம்', 'சிமிலர்' இரண்டும் அடங்கிவிடும். 'சேம் குவாலிட்டி' என்று எழுதினால் அதே நூல் கவுண்ட், அதே ஜிஎஸ்எம், அதே மில் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றால் சிமிலர் என்று போட்டு, எதில் வித்தியாசம் என்பதையும் கூடவே எழுதுங்கள். 'எஸ்டிமேட்', 'கோட்' விசயமும் இப்படித்தான். முன்னது உத்தேசம், பின்னது சொன்ன விலை. நூல் விலை ஏறுகிற மாசத்தில் கோட் என்று எழுதினால் முதலாளி நம்மைத் தேடுவார்.

'அஷ்யூர்', 'என்ஷ்யூர்', 'இன்ஷ்யூர்' மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். அடுத்து யார், எது வருகிறது என்று பாருங்கள். அஷ்யூருக்குப் பின்னால் ஆள் வரும்: உங்களுக்கு உறுதி சொல்கிறேன். என்ஷ்யூருக்குப் பின்னால் காரியம் வரும்: இது நடக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். இன்ஷ்யூர் என்றால் பணம் கட்டிக் காப்பீடு. அமெரிக்கர்கள் என்ஷ்யூர் வரும் இடத்திலும் இன்ஷ்யூர் எழுதுவதுண்டு, அவர்கள் மெயிலில் பார்த்தால் குழம்ப வேண்டாம். நாம் பிரித்தே எழுதுவோம்.

நம் ஊர் ஆபீஸ் இங்கிலீஷில் ஊறிப்போன சிலதை வெளியே அனுப்பும்போது மாற்றியே ஆக வேண்டும். பையர் அனுப்பும் உடுப்பின் விவரக் கோப்பான டெக் பேக்கைப் பற்றி 'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டெக் பேக்' என்று எழுதினால், உங்கள் டெக் பேக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று படும். கேட்பது கேள்விதானே, 'கொஸ்டின்' என்று எழுதுங்கள். 'வீ வில் ரிவர்ட் ஆன் த கலர்' என்றால், பதில் சொல்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். பழைய கலருக்கே திரும்பப் போகிறார்கள் போல என்று அவர் நினைக்கலாம். 'ரிப்ளை' போதும். 'கைண்ட்லி' அமெரிக்கர் காதில் சில சமயம் அதட்டலாக விழும், 'ப்ளீஸ்' எங்கும் செல்லும்.

ஏன் இந்த மொழியில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொல் என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். 1066இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்து ஆண்டார்கள். ஊர்ச் சொல் ஒருபக்கம் இருக்க, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுச் சொல் வந்து உட்கார்ந்தது. 'பிகின்' ஊர்ச் சொல், 'கமென்ஸ்' வந்த சொல். வாங்குவதற்கு 'பை', 'பர்ச்சேஸ்', கேட்பதற்கு 'ஆஸ்க்', 'இன்க்வயர்' எல்லாம் அப்படி ஜோடி சேர்ந்தவை. வீட்டில் சோறுண்டாச்சுங்களா என்று கேட்கிற நாம் கல்யாணப் பந்தியில் சாதம் போடுங்க என்கிறோமே, அந்த மாதிரி. அர்த்தம் ஒன்று, சபை வேறு. தினசரி மெயிலுக்கு ஊர்ச் சொல்லையே எடுங்கள், கட்டிங் ஆரம்பித்துவிட்டது என்பதற்கு 'ஸ்டார்ட்டட்' போதும். ஒப்பந்தப் பத்திரத்துக்கு மற்றது. ஒன்றில் மட்டும் கவனம்: வேலை முடிந்தது என்பதற்கு 'டெர்மினேட்டட்' என்று எழுதிவிடாதீர்கள், ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டதாகப் படிப்பார்கள்.

நாட்டுக்கு நாடு மாறும் சொற்களில் நம் பனியனே முதலில் நிற்கிறது. பிரிட்டிஷ் பையருக்கு 'வெஸ்ட்' என்றால் உள்ளே போடும் பனியன். அமெரிக்கருக்கு வெஸ்ட் என்றால் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கோட். 'பேண்ட்ஸ்' அமெரிக்காவில் கால்சட்டை, பிரிட்டனில் ஜட்டி. 'ஜம்பர்' பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கவுன். கரூரில் வீட்டு ஜவுளி செய்கிறவர்களுக்கும் உண்டு: பிரிட்டனுக்கு 'டீ டவல்', அமெரிக்காவுக்கு 'டிஷ் டவல்'. ஸ்டைல் ஷீட்டில் சொல்லைப் பார்த்ததும் எந்த நாட்டு பையர் என்று பாருங்கள், படத்தையும் பாருங்கள்.

எங்கே தேடுவது? தெசாரஸில் தேடாதீர்கள். அது பக்கத்துச் சொற்களை வரிசையாக அடுக்கித்தரும், வித்தியாசம் சொல்லாது. லேர்னர்ஸ் டிக்ஷனரி என்று மொழி கற்கிறவர்களுக்காகவே போட்ட அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் அர்த்தத்தை ஒருதரம் பார்த்துவிட்டு உதாரண வாக்கியங்களில் நேரம் செலவழியுங்கள். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்பது அங்கேதான் தெரியும். அதைவிட நல்ல அகராதி உங்கள் மெயில் பெட்டியிலேயே இருக்கிறது. பையரின் குவாலிட்டி மேனுவலையும் பழைய கமெண்ட்டுகளையும் எடுத்து அந்தச் சொல்லைத் தேடுங்கள். அவர் 'ஹோல்' என்று எழுதுகிறாரா 'கட்' என்று எழுதுகிறாரா என்று பார்த்து அவர் சொல்லையே திருப்பி எழுதுங்கள். ஒரே பொருளுக்கு மெயிலுக்கு மெயில் வேறு சொல் போட்டு அழகு பார்க்க வேண்டாம், படிப்பவர் வேறு பொருள் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியாக ஒன்று. நமக்கு வரும் ஆர்டரில் ஐரோப்பா பெரிய பங்கு, அங்கே பலருக்கு இங்கிலீஷ் நம்மைப் போலவே இரண்டாவது மொழி. ஸ்பானிஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அவர்கள் மொழியில் 'ஆக்சுவலி' போலவே ஒலிக்கும் சொல்லுக்கு 'இப்போதைக்கு' என்று அர்த்தம். ஜெர்மன்காரருக்கு 'ஈவென்சுவலி' போல ஒலிக்கும் சொல்லுக்கு 'ஒருவேளை' என்று அர்த்தம். ஸ்பெயின் பையர் 'ஆக்சுவலி வீ நீட் 5,000 பீசஸ்' என்று எழுதினால் இப்போதைக்கு 5,000, பின்னால் கூடலாம் என்று சொல்ல வருகிறாராக இருக்கலாம். ஜெர்மன் பையர் 'ஈவென்சுவலி வீ வில் ஆர்டர் பிளாக் ஆல்சோ' என்று எழுதினால் கருப்பு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பி நூல் புக் பண்ணிவிடாதீர்கள். கலர், எண்ணிக்கை, தேதி மூன்றையும் எண்ணாகவும் பெயராகவும் ஒரு வரியில் எழுதி, சரியா என்று கேட்டு, பதில் வந்த பிறகு நிட்டிங்குக்குச் சொல்லுங்கள்.